பழைய லேத்துக்கு வீட்டு மின்சாரம்: மீட்டர் பெட்டியிலிருந்து சக் வரை

சேலத்தில் வீட்டுக்குள் மோட்டார் ஓடுவது யாருக்கும் புதிதில்லை. அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கம்பி இழுக்கும் எந்திரம் என்று திண்ணையை ஒட்டிய அறையில் ஏதாவது ஒன்று சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் மூடிப்போன பட்டறையிலிருந்து இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு நாலரை அடி லேத்தை விலைபேசி, மினி லாரியில் ஏற்றி, தெருவே கூடி நின்று கடப்பாரை போட்டு நகர்த்தி, கார் நிற்கவேண்டிய இடத்தில் அதை உட்காரவைத்த பிறகுதான் பலருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: இதற்குக் கரண்ட் எங்கிருந்து கொடுப்பது?

எனக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டு வாரம் வெளிநாட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்தேன். அவற்றில் பாதி நமக்கு ஆகாதவை. அமெரிக்கரின் வீட்டு மின்சாரம் 120/240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அவர் வீட்டு வாசலுக்கு மூன்று ஃபேஸ் (மூன்று கம்பிகளில், ஒன்றுக்கொன்று சற்று நேரம் தள்ளி ஏறி இறங்கும் மின்சாரம்) வருவது அபூர்வம். அதனால்தான் ஒரு மோட்டாரைச் சுழலவிட்டு அதிலிருந்து மூன்றாவது ஃபேஸைப் பிறப்பிக்கும் வித்தைகளை எல்லாம் செய்கிறார். நம் கம்பத்தில் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் ஏற்கெனவே ஓடுகிறது. பல வீடுகளில் அது மீட்டர் வரைக்குமே வந்து நிற்கிறது, வீட்டுக்காரருக்குத்தான் தெரிவதில்லை.

எனவே கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் போங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. 415 வோல்ட் இரண்டாவது வாய்ப்பு தராது. அளப்பது, தேர்ந்தெடுப்பது, கணக்குப் போடுவது உங்கள் வேலை. மெயினில் கைவைப்பது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை.

முதல் படி: மீட்டர் பெட்டி

மீட்டருக்குப் பக்கத்தில் எத்தனை ஃபியூஸ் கேரியர் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் ஒற்றை ஃபேஸ். மூன்றும், கூடவே ஒரு நியூட்ரல் இணைப்பும் இருந்தால் உங்களிடம் மூன்று ஃபேஸ் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டின் இணைப்புச் சுமை 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று ஃபேஸ்தான் கொடுப்பார்கள். ஏசி, கீசர், கிணற்று மோட்டார் என்று சேர்ந்த வீடுகளில் அது எளிதாகத் தாண்டிவிடும். உள்ளே வந்தபின் வயர்மேன் ஒரு ஃபேஸை விளக்குகளுக்கும் ஒன்றை ஏசிக்கும் ஒன்றை மோட்டாருக்கும் பிரித்துவிடுவார். ஒரு ஃபேஸ் போனால் திருப்பிக்கொள்ள ஒரு மாற்று சுவிட்சும் சுவரில் இருக்கும். அந்த சுவிட்சைப் பல ஆண்டுகளாகத் திருப்பிக்கொண்டிருந்தும், வீட்டில் மூன்று ஃபேஸ் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

எண்ணிப் பார்த்தால் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரில் விளக்கு எரிந்தால் அங்கே மின்சாரம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். மல்டிமீட்டரில் எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230–240, எந்த இரண்டு ஃபேஸுக்கும் இடையே 400–415 காட்ட வேண்டும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுழியம் காட்டினால் அவை உண்மையில் ஒரே ஃபேஸ். மாற்று சுவிட்ச் ஏதோ ஒன்றை இன்னொன்றோடு சேர்த்திருக்கிறது. மே மாதச் சாயங்காலம் ஒருமுறையும் அளந்துவிடுங்கள். தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது கிடைக்கும் வோல்ட்டேஜ்தான் உங்கள் லேத்துக்கு உண்மையில் கிடைக்கப்போவது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காக வீட்டில் கடைசல் வேலை செய்வது வேறு, கூலிக்கு வேலை எடுப்பது வேறு. கூலிக்கு வேலை எடுத்தால் அதற்குரிய தனி இணைப்பை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டு இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்கீழ் வருகிறது. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். பொழுதுபோக்கே ஆனாலும் மோட்டாரைச் சேர்த்து மொத்தச் சுமை அனுமதித்த அளவைத் தாண்டினால் அதைக் கூட்டி எழுதிவாங்க வேண்டும்.

இரண்டாவது படி: மோட்டாரின் பெயர்த்தகடு

எந்திரத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை அந்த எந்திரம் என்பது அதன் மோட்டார்தான். தகட்டின் மேல் உள்ள பெயின்ட்டையும் கிரீஸையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது ஐந்து தகவல்: ஹெச்.பி. அல்லது கிலோவாட், வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், ஸ்டாரா டெல்டாவா. மோட்டாரின் மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒரே முடிச்சாகச் சேர்த்தால் ஸ்டார்; ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு முக்கோணமாகச் சேர்த்தால் டெல்டா. என்னுடையதில் 2 ஹெச்.பி., 415 வோல்ட், 3.5 ஆம்பியர், நிமிடத்துக்கு 1420 சுற்று, ஸ்டார் என்று இருந்தது.

கடைசி ஒற்றைச் சொல்தான் செலவைத் தீர்மானிக்கிறது. ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாரின் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே சுருள்களை டெல்டாவாக மாற்றிப் போட்டால் 230–240 வோல்ட் மூன்று ஃபேஸில் முழு வலுவோடு ஓடும். டெல்டாவிலேயே 415 என்று எழுதியிருந்தால் அந்த வழி அடைபட்டது. அதற்கு 415 வோல்ட் கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மறுசுற்று சுற்ற வேண்டும். நம் நாட்டு மோட்டார்களில் பொதுவாக 2 ஹெச்.பி. வரை ஸ்டார், அதற்கு மேல் டெல்டா. பழைய மோட்டார்களில் இந்த வழக்கம் தப்பியிருக்கலாம், ஆகவே தகட்டை நம்புங்கள்.

அடுத்து டெர்மினல் பெட்டியைத் திறங்கள். ஆறு முனைகளும் மூன்று பித்தளைப் பட்டைகளும் இருந்தால் நல்லது. பட்டைகள் ஒரே வரிசையின் மூன்று முனைகளைப் படுக்கையாகச் சேர்த்திருந்தால் ஸ்டார். மேல்முனையையும் கீழ்முனையையும் ஜோடி ஜோடியாகச் செங்குத்தாகச் சேர்த்திருந்தால் டெல்டா. மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே புதைந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து ஆறு முனைகளாக வெளியே கொண்டுவர வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். தறி மோட்டார்களோடு காலம் தள்ளுகிற ஊர் இது. இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. என்னுடையதைப் பிரித்த பெரியவர் ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏன் தம்பி, நல்லா ஓடுகிறதை எதற்குக் கலைக்கிறீர்கள்?” காரணத்தைச் சொன்னேன். “அப்படியானால் சரி” என்று சொல்லி, நூல் கட்டை அறுத்து முடிச்சைக் கண்டுபிடிக்க அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது வெளிநாட்டிலிருந்து வந்தது. நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். நேர்மின்சார (டி.சி.) மோட்டாராக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

மூன்றாவது படி: மின்சாரம் கொடுக்கும் முன் மெகர்

மெகர் என்பது வைண்டிங்கின் மின்காப்பு எத்தனை மெகோம் (பத்து லட்சம் ஓம்) என்று அளக்கும் கருவி. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். “ஓடுகிற மோட்டார்தான்” என்று விற்றவர் சொன்னது அவர் கடைசியாக ஓட்டிய நாளுக்குப் பொருந்தும். இடையில் எத்தனை மழைக்காலம் போனதோ?

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் பழத்தோல் உரிக்கும் கொட்டகையில் கிடந்த மோட்டாரை ஒருமுறை 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டு கீழே கொண்டுவந்தேன். வெளியே பார்க்கப் புத்தம்புதிது போல இருந்தது. 500 வோல்ட் மெகரை வைத்தபோது வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே 0.2 மெகோம். ஒரு மெகோமாவது இல்லாத மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. மலையின் பனிமூட்டம் முழுவதும் அந்தப் பருத்தி நூலிலும் வார்னிஷிலும் குடியிருந்தது. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ரோட்டரை வெளியே எடுத்து, அந்த இடத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வைண்டிங்கில் படாமல் தொங்கவிட்டு, மேலே சாக்கைப் போர்த்தி மூன்று இரவு வைத்தேன். முதல் நாள் சூட்டில் அளவு இன்னும் இறங்கியது. ஈரம் வெளியேறும்போது அப்படித்தான் இறங்கும், பயப்பட வேண்டாம். நான்காம் நாள் ஆறவைத்து அளந்தால் 8 மெகோம்.

மெகர் வைக்கும்போது எந்த ட்ரைவோ (ஐந்தாவது படியில் வரும் பெட்டி) ஸ்டார்ட்டரோ இணைந்திருக்கக் கூடாது. மோட்டார் தனியாக இருக்க வேண்டும். பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்த்து, கரகரத்தால் அப்போதே மாற்றிவிடுங்கள். பேரிங்கின் விலை அற்பம்.

நான்காவது படி: வழியைத் தேர்ந்தெடுப்பது

மீட்டரில் மூன்று ஃபேஸ் இருந்தால் வேறெங்கும் போகாதீர்கள். மெயினிலிருந்து லேத்துக்குத் தனியாக ஒரு நான்கு முனை எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்), ஒரு டைரக்ட் ஸ்டார்ட்டர் (மோட்டாரை மெயினோடு நேரடியாக இணைக்கும் பொத்தான் பெட்டி), வேலை முடிந்தது. 5 ஹெச்.பி. வரை இதுவே போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆசை இருந்தால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒற்றை ஃபேஸ்தான் என்றால், முதலில் மூன்று ஃபேஸாக மாற்ற விண்ணப்பித்தால் என்ன செலவாகும் என்று பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டு மூன்று எந்திரங்களைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் அதுதான் நீண்ட நாளைக்கு மலிவு. வாடகை வீடு, அல்லது ஒரே ஓர் எந்திரம் என்றால்தான் மற்ற வழிகள்.

அவற்றில் மோட்டாரையே ஒற்றை ஃபேஸ் மோட்டாராக மாற்றுவது எளிமையானது. துளைபோடும் எந்திரத்துக்கும் கிரைண்டருக்கும் அது சரி. லேத்துக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒற்றை ஃபேஸ் மோட்டாரின் சுழற்றுவிசை நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நுண்ணிய கடைசலில் அந்த அதிர்வு பளபளப்பான பரப்பில் கோடு கோடாகத் தெரியும்.

கெப்பாசிட்டர் வைத்து மூன்று ஃபேஸ் மோட்டாரை ஒற்றை ஃபேஸில் ஓட்டுவது இன்னொரு வழி. இங்கே எல்லோரும் அதைக் கன்டென்சர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஃபேஸ் மட்டும் வருகிற நேரத்தில் கிணற்று மோட்டாரை ஓட்ட விவசாயிகள் வைக்கும் பெட்டியின் தம்பிதான் இது. டெல்டாவில் 230 வோல்ட்டுக்குக் கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது கணக்கு, 1 ஹெச்.பி.க்கு 50 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் தாங்கும் ஓட்டக் கெப்பாசிட்டர். மோட்டாரின் வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். சுமை மாறும்போதெல்லாம் ஃபேஸ்களின் சமநிலை குலையும். தண்ணீர் மோட்டாரின் சுமை மாறுவதில்லை; லேத்தின் சுமை ஒவ்வொரு வெட்டிலும் மாறும். அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டலாம். வேறொரு மூன்று ஃபேஸ் மோட்டாரைச் சும்மா ஓடவிட்டு அதிலிருந்து ஃபேஸ் எடுக்கும் சுழல் மாற்றியை நம் ஊரில் கட்டுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஐந்தாவது படி: விஎஃப்டி ட்ரைவ்

விஎஃப்டி என்பது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி. ஒற்றை ஃபேஸ், ஒரே எந்திரம், ஸ்டாரில் 415 போட்ட சிறிய மோட்டார் என மூன்றும் சேர்ந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது. 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் உள்ளே போகும், 230 வோல்ட் மூன்று ஃபேஸ் வெளியே வரும். மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றிவிட்டு இணைக்க வேண்டும். மாற்றாமல் அப்படியே இணைத்தாலும் சுழலும், ஆனால் வெட்டு கொடுத்தவுடன் நின்றுவிடும். “ட்ரைவ் சரியில்லை” என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஆம்பியர் கணக்கு: டெல்டாவில் மோட்டார் எடுக்கும் அளவு தகட்டில் உள்ளதைப் போல் 1.73 மடங்கு. என் மோட்டாருக்கு 3.5 × 1.73, அதாவது சுமார் 6 ஆம்பியர். 1.5 கிலோவாட், 7 ஆம்பியருக்குக் குறையாமல் வெளியே தரும் ட்ரைவ் வேண்டும். அதன் உள்ளீடு 16 ஆம்பியர் வரை போகும். 3 ஹெச்.பி. ட்ரைவ் என்றால் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட வேண்டும். சமையலறை மிக்ஸி பிளக்கில் செருகிப் பார்க்கும் யோசனையை இங்கேயே கைவிடுங்கள்.

பழைய மோட்டாருக்கு இன்னொரு சாதகமும் உண்டு. ட்ரைவ் தருவது சீரான அலை அல்ல, துடிப்புத் துடிப்பான வெட்டுகள். 415 வோல்ட் ட்ரைவில் அந்தத் துடிப்பு 587 வோல்ட் வரை எழும்; 230 வோல்ட் ட்ரைவில் 325தான். முதிர்ந்த வார்னிஷுக்கு இரண்டாவது மென்மையானது. ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் இடையிலான கேபிளையும் குட்டையாக வையுங்கள்.

செய்யக் கூடாதவை சில. ட்ரைவுக்கும் மோட்டாருக்கும் இடையில் எந்த சுவிட்சும் கூடாது. லேத்தில் உள்ள பழைய முன்-பின் டிரம் சுவிட்சைப் பிரித்து, அதன் முனைகளை ட்ரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு மட்டும் கொண்டுபோங்கள். கைப்பழக்கம் மாறாமல் இருக்கும், ட்ரைவும் பிழைக்கும். ஒரே ட்ரைவில் கூலன்ட் பம்ப்பையும் தொங்கவிடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்னூட்டம் தங்கியிருக்கும், ஆகவே பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறங்கள்.

அமைக்கவேண்டிய எண்கள்: மோட்டார் வோல்ட் 230, ஹெர்ட்ஸ் 50, ஆம்பியர் 6, சுற்று 1420. வேகமெடுக்க 4 நொடி, நிற்க 5 நொடி. குறைந்தபட்சம் 20 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறி காற்றே தராது. நிற்கும் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் ஆசையாக அரை நொடி என்று வைத்தேன். மரை போட்டுத் திருகும் பழைய சக் (வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அது. அது மாட்டியிருந்த சுழல்தண்டான ஸ்பின்டில் நின்றது, சக் நிற்கவில்லை. தன் வேகத்தில் தானே கழன்று, படுகையில் விழுந்து, ஒரு பல்லை இழந்து உருண்டது. காலில் விழாதது என் அதிர்ஷ்டம். மரை சக் உள்ள லேத்தில் பின்னோக்கி ஓட்டுவதையும் இதே காரணத்துக்காக மறந்துவிடுங்கள்.

ட்ரைவ் வந்துவிட்டது என்று படிப்புல்லியையும் (பல அளவுப் படிகள் கொண்ட புல்லி) பேக் கியரையும் (வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பல்சக்கரங்கள்) கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 25 ஹெர்ட்ஸில் மோட்டாரின் வலு பாதிதான். பெரிய வேகமாற்றத்தைப் புல்லியில் செய்யுங்கள், சின்ன நெளிவுசுளிவை ட்ரைவில் செய்யுங்கள்.

இடமும் முக்கியம். வார்ப்பிரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். உள்ளே போனால் ட்ரைவ் அன்றோடு சரி. மூடிய பெட்டியில், காற்று வடிகட்டியோடு, மேற்கு வெயில் படாத சுவரில் வையுங்கள். ஏப்ரலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நம் ஊரில் என்ன சூடு இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆறாவது படி: காவல்

நேரடி மூன்று ஃபேஸில் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய எதிரி ஒரு ஃபேஸ் போவது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. மீதி இரண்டு ஃபேஸிலிருந்து இழுத்து உறுமிக்கொண்டே ஓடி, சில நிமிடங்களில் வைண்டிங்கைக் கருக்கிவிடும். ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலேயைத் தகட்டு ஆம்பியரில் சரியாக வைப்பதோடு, ஃபேஸ் போனால் அணைக்கும் தடுப்பான் ஒன்றையும் சேருங்கள். ஒருமுறை மறுசுற்று சுற்றும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை.

வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சில் லேத்தை ஓட்டாதீர்கள். மின்தடையின்போது சக்குக்குள் கைவைத்திருப்பீர்கள், மின்சாரம் திரும்பிவரும். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காயில் (மின்காந்தச் சுருள்), மின்சாரம் போனதும் விடுபட்டு, பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தும்வரை சேராது. ட்ரைவிலும் மின்சாரம் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எர்த்துக்கு வருவோம். 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். வீட்டின் பழைய எர்த்தை மட்டும் நம்பாமல் பட்டறைக்கென இரண்டரை, மூன்று மீட்டர் ஜி.ஐ. குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்காகப் போடுங்கள். எங்கள் பக்கம் மூன்றடிக்குக் கீழே பாறை. பாறையைத் தாண்டி ஈரம் கண்ட பிறகுதான் அளவு 5 ஓமுக்குக் கீழே இறங்கியது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். பல்பைப் பிடித்து எர்த் சோதிக்கும் வழக்கம் ஏமாற்றும், எர்த் டெஸ்டர் உள்ளவரைக் கூப்பிடுங்கள். சாதாரண ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) ட்ரைவோடு ஒத்துப்போகாமல் அடிக்கடி விழும்; ட்ரைவின் கையேடு சொல்லும் வகையை வாங்க வேண்டுமே தவிர, விழுகிறதென்று அதைக் கழற்றக் கூடாது.

ஏழாவது படி: பெல்ட்டும் புல்லியும்

பட்டறை முழுவதையும் ஒரே நீளத் தண்டிலிருந்து பெல்ட்டால் ஓட்டிய லைன் ஷாஃப்ட் காலத்து லேத் என்றால் மோட்டாரே வந்திருக்காது, தட்டைப் பெல்ட்டுக்கான படிப்புல்லி மட்டும் இருக்கும். அதற்கு ஓர் இடைத்தண்டு தேவை. அதன் வேகம் 400 சுற்று என்று கொள்வோம். 1440 சுற்று மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, தண்டில் 11 அங்குலப் புல்லி போட்டால் 1440 × 3 ÷ 11, அதாவது 393 சுற்று. மோட்டாரிலிருந்து தண்டுக்கு வி-பெல்ட், 2 ஹெச்.பி.க்கு ‘ஏ’ வகை இரண்டு போதும். தண்டிலிருந்து லேத்துக்குப் பழைய தட்டைப் பெல்ட்டையே விட்டுவிடுங்கள். கருவி சிக்கிக்கொண்டால் அது வழுக்கும், பல்சக்கரம் பிழைக்கும். எல்லாவற்றுக்கும் கம்பிவலை மூடி போடுங்கள். வேட்டி, துப்பட்டா, கழுத்துத் துண்டு எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

எட்டாவது படி: முதல் ஓட்டம்

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். திசை தவறாக இருந்தால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் போதும். ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பின்டில் இருக்கும் தலைப்பகுதி) எண்ணெய் பம்ப் உள்ள லேத்தில் திசை தவறினால் பேரிங் காய்ந்து போகும், அதனால் இதைப் பெல்ட் மாட்டும் முன்பே பார்க்க வேண்டும். டங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) ஒவ்வொரு ஒயரிலும் மாட்டி அளந்தால், சுமையில்லாதபோது தகட்டு ஆம்பியரில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை காட்டும். மூன்று ஒயரிலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் ஒன்று விலகினால் நிறுத்திவிட்டு டெர்மினலிலும் வைண்டிங்கிலும் காரணம் தேடுங்கள்.

அரைமணி நேரம் வெறுமனே ஓடட்டும். மோட்டாரின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், பத்து நொடி தாங்கினால் சரி. பிறகு பெல்ட் மாட்டி, ஸ்பின்டிலுக்கு எண்ணெய் விட்டு, மிகக் குறைந்த வேகத்தில் கால்மணி நேரம். அதன்பின் ஒரு மென்மையான இரும்புத் துண்டில் அரை மில்லிமீட்டர் வெட்டு கொடுத்து ஆம்பியர் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தகட்டைத் தாண்டாதவரை வெட்டைக் கூட்டலாம்.

பத்து நாள் கழித்து மெயினை அணைத்துவிட்டு டெர்மினல் திருகுகளை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். லேத்தின் அதிர்வில் என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன, ஒன்றின் கீழே ஒயர் லேசாகக் கருத்திருந்தது.